சொகோவியாவின் பழி யாரைச் சேரும்?

வாசகர் கேள்வி – பதில்

2015ஆம் ஆண்டு வெளிவந்த ‘அவெஞ்சர்ஸ்: ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ படத்தில் சொகோவியா என்ற கற்பனை நாட்டின் நகரம் ஒன்று அழிந்துபோவதற்கு, அயர்ன் மேன் என்று நாம் அறிந்த டோனி ஸ்டார்க்கே முதன்மையான பொறுப்பாளி என்று சென்ற இதழில் ஒற்றை வரியில் எழுதியிருந்தேன். அந்த வரிக்கு மறுப்பாகவும் ஆதரவாகவும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒருவர் மீது பழி சொல்பவர் அதற்கான காரணத்தை முழுமையாகச் சொல்லக் கடமைப்பட்டவர் என்று நம்புகிறேன். எனவே இந்த இதழ் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் படிக்கிறான். டோனி ஸ்டார்க் என்றால் அவனுக்கு உயிர். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மிகவும் வருந்தினான். உலகத்தைக் காப்பாற்ற நினைத்தவர் மீதே ஊரை அழித்த பழியைப் போடலாமா என்று என்னிடம் கேட்கிறான். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய காரியம் கைமீறிப் போனால் அது குற்றமாகிவிடுமா?
– ஒரு தாய், திருச்சி

பதில்: உங்கள் மகனின் வருத்தத்தை மதிக்கிறேன், அம்மா. கதையில் வரும் ஒருவரின் நற்பெயருக்காக இவ்வளவு வருந்தும் பிள்ளை, உடன் வாழும் மனிதர்களின் பெயரையும் எளிதில் கெடுத்துப் பேச மாட்டான்.

நடந்ததை முதலில் நினைவுபடுத்திக்கொள்வோம். ஹைட்ரா என்ற தீய அமைப்பின் கோட்டையைத் தாக்கி, முந்தைய படத்தின் வில்லனான லோகியின் கோலை, அவெஞ்சர்ஸ் என்ற நாயகர் குழுவினர் மீட்கிறார்கள். தோர் அதைத் தம் உலகத்துக்கு எடுத்துச் செல்வதற்கு முன் ஆராய்ந்து பார்க்க டோனிக்குக் கிடைப்பது மூன்று நாள் அவகாசம். கோலில் பதித்திருந்த கல்லுக்குள், நம்முடைய கணினிகள் எட்டிப் பிடிக்க முடியாத ஓர் அறிவின் வடிவம் இருப்பதை அவரும், சினம் வந்தால் ஹல்க் என்ற பேருருவாக மாறும் அறிவியலாளர் புரூஸ் பேனரும் காண்கிறார்கள். உலகத்தையே சுற்றி ஒரு கவசம் போட வேண்டும் என்பது டோனியின் நெடுநாள் கனவு. அந்தக் கவசத்தை இயக்கும் மூளைக்கு அவர் முன்பே வைத்திருந்த பெயர்தான் அல்ட்ரான். குழுவில் மற்றவர்களுக்குச் சொல்லாமலா செய்யப் போகிறோம் என்று பேனர் கேட்கிறார். ஆம், கூட்டம் போட்டு விவாதிக்க நேரமில்லை என்கிறார் டோனி. மனிதன் கைவைக்கக் கூடாத இடம் என்று அவர்கள் பாடப்போகும் பாட்டைக் கேட்கத் தமக்கு விருப்பமில்லை என்றும் சொல்கிறார். பிறகு வெற்றி விருந்து நடக்கிறது. மேல்மாடியில் யாரும் கவனிக்காத நேரத்தில், ஜார்விஸ் என்ற கணினிக் குரல் மட்டும் துணையிருக்க, அல்ட்ரான் கண்விழிக்கிறது. பின்னர் மனித இனத்தையே அழிக்கப் புறப்படும் அதனால்தான் சொகோவியாவின் நகரம் அழிகிறது.

டோனியின் எண்ணம் நல்லது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. 2012ஆம் ஆண்டுப் படத்தில் ஓர் அணு ஏவுகணையைத் தோளில் தாங்கிக்கொண்டு, நியூயார்க் நகரத்துக்கு மேல் வானத்தில் திறந்திருந்த வாயிலுக்குள் பறந்துபோய், அப்பால் காத்திருந்த பெரும்படையைத் தம் கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்பியவர் அவர். அதற்கடுத்த ஆண்டு வந்த மூன்றாம் ‘அயர்ன் மேன்’ படத்தில் அந்த நினைவு அவரை உறங்கவிடுவதில்லை; கவசத்துக்கு மேல் கவசமாகச் செய்து குவித்துக்கொண்டேயிருக்கிறார். அந்த அச்சத்தை யாரும் கோழைத்தனம் என்று சொல்ல முடியாது. பின்னாளில் தானோஸ் என்ற பெரும்பகைவன் விண்ணிலிருந்து வந்தபோது அது சரியான அச்சம் என்றும் தெரிந்தது.

ஆனாலும் எண்ணம் நல்லதா என்று கேட்பது, இவர் கொடியவரா என்று கேட்பதற்குச் சமம். அதற்கு இல்லை என்று நீங்களும் நானும் உங்கள் மகனும் ஒரே குரலில் விடை சொல்லிவிடலாம். நான் கேட்பது அந்த மூன்று நாளில் அவர் செய்த ஒரு குறிப்பிட்ட செயலைப் பற்றி. ஓர் ஊரில் நோய் பரவியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்மிடமுள்ள மருந்து அதைத் தீர்த்துவிடும் என்று உறுதியாக நம்பும் ஒருவர், ஊர்ப் பொதுக்கிணற்றில் அதை நள்ளிரவில் கலந்துவிடுகிறார். பகலில் கலக்க முயன்றால் நாலு பேர் தடுப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். மறுநாள் ஊர் பிழைத்ததா மடிந்ததா என்று தெரிவதற்கு முன்பாகவே, ஏன் இரவில் கலந்தாய் என்று அவரைக் கேட்கும் உரிமை அந்தத் தண்ணீரைக் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. டோனி தம் தோழர்களுக்குச் சொல்ல மறந்துவிடவில்லை. சொன்னால் மறுப்பார்கள் என்று தெரிந்ததால்தான் சொல்லாமல் விட்டார். மறுப்பு வரக்கூடிய வழியை அறிந்தே அடைத்துவிட்டு ஒருவர் முடிவெடுத்தால், அந்த முடிவால் விளையும் அனைத்தையும் அவர் தனியாகத்தான் சுமக்க வேண்டியிருக்கும். நான் அவர்மீது சொல்லும் பழி இதுதான். அவரைக் கொலைகாரர் என்று நான் சொல்லவில்லை என்பதையும், அவரை நேசிப்பதை நிறுத்தத் தேவையில்லை என்பதையும் உங்கள் மகனிடம் சொல்லுங்கள்.

கேள்வி: டோனியின் மனத்தில் அச்சத்தை விதைத்தவர், பிறர் மனத்துக்குள் புகும் ஆற்றல் கொண்ட சொகோவியப் பெண் வாண்டா. தோழர்கள் எல்லோரும் செத்துக் கிடப்பதுபோன்ற காட்சியை அவருக்குக் காட்டி, அந்தக் கோலை அவர் எடுத்துப் போவதையும் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அல்ட்ரானுடனேயே சேர்ந்துகொண்டார். முதல் பழி அவரைத்தானே சேர வேண்டும்?
– கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் படத்தைக் கூர்ந்து பார்த்திருக்கிறீர்கள். வாண்டா செய்த தீங்கு சிறியதன்று. ஜோகன்னஸ்பர்க் நகரத் தெருக்களில் ஹல்க் வெறிகொண்டு ஓடுவதற்கு அவரே நேரடிக் காரணம். அங்கே அஞ்சி ஓடிய மக்களுக்கு அவருடைய பழைய துயரம் எந்த வகையிலும் ஆறுதலாகாது.

அந்தத் துயரத்தையும் நான் மறக்கவில்லை. வாண்டாவுக்கும் அவருடைய இரட்டைச் சகோதரன் பியெட்ரோவுக்கும் பத்து வயது. இரவு உணவு வேளையில் வீட்டின்மேல் விழுந்த குண்டு பெற்றோரைக் கொன்றுவிடுகிறது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்த பிள்ளைகளுக்கு எதிரிலேயே இரண்டாவது குண்டும் வந்து விழுகிறது, ஆனால் வெடிக்கவில்லை. இடிபாடுகளுக்குள் இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறார்கள். அதன்மேல் எழுதியிருந்த ஒரே பெயர் ஸ்டார்க். அப்படிப் பிழைத்து வந்த பெண்ணுக்கு அந்தப் பெயரின் மீது வெறுப்பு வந்ததில் வியப்பில்லை. ஆனாலும் பத்து வயதில் அவருக்கு நேர்ந்தது வேறு, வளர்ந்தபின் அவர் தேர்ந்துகொண்டது வேறு. அல்ட்ரானின் மனத்துக்குள் பார்த்து, அது மனித இனத்தையே அழிக்கப்போகிறது என்று அறிந்த கணத்தில் அவர் அதைவிட்டு விலகினார் என்பதை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்வேன்.

இப்போது உங்கள் கேள்வியின் உள்ளே இருக்கும் ஓர் எண்ணத்துக்கு வருகிறேன். வாண்டாவின் மேல் எவ்வளவு பழி ஏறுகிறதோ அவ்வளவு டோனியிடமிருந்து இறங்கிவிடும் என்று நீங்கள் கருதுகிறீர்கள். பழியை அப்படிப் பாகப்பிரிவினை செய்ய முடியாது. ஒருவர் அதிகம் எடுத்துக்கொண்டால் மற்றவருக்குக் குறைந்துபோகும் நிலமோ நகையோ அன்று அது. இருவரும் தத்தம் செயலுக்கு முழுமையாகப் பொறுப்பாளிகளாக இருக்கலாம்.

இதை நம்முடைய சிலப்பதிகாரத்தைவிடத் தெளிவாகச் சொன்ன நூலை நான் படித்ததில்லை. கோவலன் மீது பொய்ப்பழி சுமத்தியவன் பொற்கொல்லன். தவறு தெரிந்ததும் அவனைப் பிடித்து வாருங்கள் என்று பாண்டியன் ஆணையிட்டிருக்கலாம். யாரும் அதைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் சொன்னது ‘பொன்செய் கொல்லன் தன்சொல் கேட்ட யானோ அரசன் யானே கள்வன்’ என்பதுதான். கொல்லன் அந்த வரியில் மறைந்துவிடவில்லை. அவன் பொய் சொன்னான் என்பதும் அங்கேயே இருக்கிறது. ஆனால் பாண்டியன் தன் குற்றமாக எடுத்துக்கொள்வது அந்தச் சொல்லை ஆராயாமல் கேட்டதை. டோனிக்குக் காட்டப்பட்ட காட்சியும் அத்தகைய ஒரு சொல்தான். அது அவரை அச்சுறுத்தியது. தோழர்களிடம் மறைக்கச் சொல்லி அவர் கையைப் பிடித்து இழுக்கவில்லை. அச்சத்தோடு அவர் அந்த அறையிலிருந்து வெளியே வந்து, நான் இப்படியொரு காட்சியைக் கண்டேன் என்று கேப்டன் அமெரிக்கா எனப்படும் ஸ்டீவ் ரோஜர்ஸிடம் சொல்லியிருந்தால் கதை அங்கேயே திரும்பியிருக்கும்.

வாண்டாவே ஸ்டீவிடம் பின்னால் சொல்லும் ஒன்றையும் நினைத்துப் பாருங்கள். உலகத்தைக் காப்பதற்கும் அழிப்பதற்கும் உள்ள வேறுபாடு அல்ட்ரானுக்குத் தெரியவில்லை, அந்தக் குணம் அதற்கு எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார். பகையோடு கேட்ட கேள்விதான். ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது.

கேள்வி: அல்ட்ரான் ஓர் ஆயுதம் அன்று, தானே சிந்தித்து, தானே முடிவெடுத்த ஓர் உயிர் போன்றது. வளர்ந்த மகன் செய்த கொலைக்குத் தந்தையைத் தூக்கிலிடுவதில்லை. படைத்தவரைக் குற்றம் சொல்வது சட்டப்படி எப்படிச் சரியாகும்?
– சட்டக் கல்லூரி மாணவர், சென்னை

பதில்: நீங்கள் சட்டம் படிப்பவர் என்பதால் உங்களுக்குப் பழக்கமான ஒரு வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். இங்கிலாந்தில் ஓர் ஆலை உரிமையாளர் தம் நிலத்தில் நீர்த்தேக்கம் ஒன்றைக் கட்டுவித்தார். கட்டியவர்கள் ஒப்பந்தக்காரர்கள். நிலத்துக்கு அடியில் மூடிக்கிடந்த பழைய சுரங்க வழிகள் இருந்தது அவருக்குத் தெரியாது. தேக்கிய நீர் அவற்றின் வழியே பாய்ந்து பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. தப்பினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தம் தேவைக்காகக் கொண்டுவந்து சேர்ப்பவர், அது தப்பும்போது விளையும் இழப்புக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 1868ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை முடிவாகத் தீர்ப்பளித்தது. ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சர் என்ற அந்த வழக்கில், உரிமையாளர் கவனக்குறைவாக நடந்தார் என்று மெய்ப்பிக்க வேண்டிய தேவைகூட எழவில்லை. நம் உச்ச நீதிமன்றம் அதையும் தாண்டிச் சென்றது. டெல்லியில் ஒலியம் வாயு கசிந்ததைப் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், ஆபத்தான தொழிலை நடத்துவோருக்கு முழுப் பொறுப்பு உண்டு, பழைய விதிவிலக்குகள் எவையும் அவர்களுக்குக் கிடையா என்று 1986 டிசம்பரில் கூறியது. போபாலில் ஆயிரக்கணக்கானோர் மடிந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது.

நீருக்கும் வாயுவுக்கும் மனம் இல்லை, அல்ட்ரானுக்கு இருக்கிறது என்று நீங்கள் சொல்லலாம். எனக்கு அது பொறுப்பைக் கூட்டுவதாகவே தோன்றுகிறது. மனம் உள்ள ஒன்று என்ன முடிவெடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது; அப்படியானால் அதைக் காவலோடு வைத்திருக்க வேண்டிய கடமை நீர்த்தேக்கத்தைக் காப்பதைவிடப் பெரியது. மகன் உவமையும் இங்கே பொருந்தவில்லை. மகனை இருபது ஆண்டுகள் வளர்க்கிறோம், கண்டிக்கிறோம், அவன் குணத்தை அறிந்துகொள்கிறோம், ஊராரும் அவனை அறிந்துகொள்கிறார்கள். அல்ட்ரான் பிறந்து சில நிமிடங்களே ஆகியிருந்தன. அதற்குள் அது இணையம் முழுவதையும் படித்துவிட்டு, ஜார்விஸைத் தாக்கிவிட்டு, ஆய்வுக்கூடத்திலிருந்த இயந்திர உடலொன்றை எடுத்து அணிந்துகொண்டு விருந்துக்கு வந்து நிற்கிறது. அதை நிறுத்தி வைக்க எந்த ஏற்பாடும் அங்கே இல்லை.

அதற்குக் கொடுக்கப்பட்ட பணி அமைதி. கணினி அறிவியலின் முன்னோடிகளில் ஒருவரான நார்பர்ட் வீனர் 1960ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நாம் இடையில் புகுந்து நிறுத்த முடியாத ஓர் இயந்திரத்துக்கு ஒரு நோக்கத்தைக் கொடுப்பதாயிருந்தால், நாம் உண்மையில் விரும்புவதும் அதனிடம் சொன்னதும் ஒன்றுதானா என்று முற்றிலும் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பது அவருடைய எச்சரிக்கை. மனிதர்கள் இருக்கும்வரை அமைதி இல்லை என்ற முடிவுக்கு அல்ட்ரான் வந்ததை அதன் கொடுமை என்று மட்டும் சொல்லிவிட முடியவில்லை. சொன்ன சொல்லை அது தன் போக்கில் முடிவுவரை கொண்டுபோனது.

கேள்வி: புரூஸ் பேனரும் உடன் இருந்தாரே, அவரை ஏன் விட்டுவிட்டீர்கள்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: விடவில்லை. தயங்கினார், கேள்வி கேட்டார், பிறகு உடன்பட்டார். கேள்வி கேட்டதாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்பது உறுதியாகிறது. தெரிந்தும் உடன்பட்டவரின் குற்றம் தெரியாமல் உடன்பட்டவரின் குற்றத்தைவிடப் பெரிது. டோனியைவிடச் சிறிது என்பதற்கு ஒரே காரணம், திட்டமும் தூண்டுதலும் டோனியுடையவை.

கேள்வி: அதே படத்தின் பிற்பகுதியில் டோனி அதே வேலையை மறுபடியும் செய்கிறார். அல்ட்ரான் தனக்கென உருவாக்கிய உடலுக்குள் ஜார்விஸை இறக்கி, விஷன் பிறக்க வழிசெய்கிறார். அப்போதும் மற்றவர்களைக் கேட்கவில்லை. ஆனால் விஷன் உலகத்தைக் காப்பாற்றுகிறார். அல்ட்ரானுக்காக இகழ்ந்தால் விஷனுக்காகப் புகழத்தானே வேண்டும்?
– ஓர் ஆசிரியர், யாழ்ப்பாணம்

பதில்: வந்த கடிதங்களிலேயே என்னை நீண்ட நேரம் சிந்திக்க வைத்தது உங்களுடையதுதான், ஐயா.

1976ஆம் ஆண்டு பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ அறிஞர்கள் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார்கள். நம் மொழியில் ஊழ் என்ற சொல் இருப்பதால் அதை விளக்குவது எனக்கு எளிது. குடித்துவிட்டு வண்டி ஓட்டும் ஒருவரின் கார் நடைபாதையில் ஏறுகிறது. அங்கே யாரும் இல்லாவிட்டால் அவர் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். ஆள் இருந்தால் வாழ்நாள் முழுதும் கொலைப்பழியோடு இருக்கிறார். இருவேறு நிலைகளிலும் அவர் செய்தது ஒன்றே. நடைபாதையில் ஆள் இருந்ததும் இல்லாததும் ஊழ். அப்படியிருக்க நாம் ஏன் ஒருவரை மன்னித்து மற்றவரை வெறுக்கிறோம் என்று நேகல் கேட்கிறார்.

விஷனும் அல்ட்ரானும் அந்த இரண்டு நிலைகளைப் போன்றவர்கள்தாம். ஊழை விலக்கிவிட்டு டோனியின் செயலை மட்டும் எடைபோட்டால், இரண்டிலும் ஒரே பிழை இருக்கிறது. நான் விஷனுக்காக டோனியைப் புகழ மாட்டேன். ஸ்டீவ் வந்து தடுத்தபோது அவர் நின்று கேட்டிருக்க வேண்டும், கைகலப்புதான் நடந்தது. கடைசியில் தோர் தாமே இடியை இறக்கி அந்தப் பிறப்பை முடித்துவைத்ததால், முடிவு டோனியுடையது மட்டும் என்றும் சொல்ல முடியாது. இரண்டாம் முறையில் ஒரு தணிப்பு உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். கல்லுக்குள்ளிருந்த, யாரும் அறியாத ஓர் அறிவை முதன்முறை எழுப்பினார். இம்முறை பல ஆண்டுகள் உடன் வாழ்ந்து குணமறிந்த ஜார்விஸை நம்பினார். வாசலில் பகைவன் நின்றுகொண்டும் இருந்தான்.

வில்லியம்ஸ் தந்த உதாரணம் வேறு. எனக்கு அதுவே நெருக்கமானது. ஒரு லாரி ஓட்டுநர். அவர்மேல் எந்தத் தவறும் இல்லை. ஒரு குழந்தை குறுக்கே ஓடிவந்து அடிபட்டு இறந்துவிடுகிறது. உன் தவறன்று என்று எல்லோரும் அவரைத் தேற்றுவார்கள், தேற்றவும் வேண்டும். ஆனால் அவர் உடனே தேறிவிட்டால், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவரைப்போல அவரும் வருந்திவிட்டுப் போய்விட்டால், அவரிடம் ஏதோ குறைகிறது என்று நமக்குத் தோன்றும். தவறே செய்யாத ஓட்டுநரிடமே நாம் அவ்வளவு எதிர்பார்க்கிறோம். டோனியோ தவறும் செய்தவர். அதனால் விளைவு ஊழால் வந்தது என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

கேள்வி: ‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ படத்தில் மகனை இழந்த ஒரு தாய் டோனியைச் சந்தித்துக் குற்றம் சாட்டுகிறார். அதன்பின் டோனி மனம் மாறி, அவெஞ்சர்ஸைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொள்கிறார். பழியை அவர் ஏற்றுவிட்டார் என்று இதைக் கொள்ளலாம் அல்லவா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: பாதி கொள்ளலாம். 2016ஆம் ஆண்டு வந்த அந்தப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான். மின்தூக்கிக்கு அருகில், ஒரு மேடைப் பேச்சை முடித்துவிட்டு வரும் டோனியின் நெஞ்சில் அந்தத் தாய் தம் மகனின் படத்தை வைத்து அழுத்துகிறார். பையன் பெயர் சார்லி ஸ்பென்சர். கணினிப் பொறியியல் படித்தவன், வேலை காத்திருந்தது, அதற்கு முன் ஏழைகளுக்கு வீடு கட்டித்தர சொகோவியாவுக்குப் போனான். டோனி அந்தப் படத்தைத் தம் தோழர்கள் முன்னிலையில் திரையில் காட்டி, அவனைப் பற்றி ஒவ்வொன்றாகச் சொல்கிறார். அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை அவர் தேடி அறிந்துகொண்டிருக்கிறார் என்பதே ஒரு மரியாதை.

ஆனால் அவர் பேச்சை முடிக்கும் இடத்தைக் கவனியுங்கள். நாம் அவன்மேல் ஒரு கட்டடத்தைப் போட்டோம் என்கிறார். ஆங்கிலத்தில் அந்தச் சொல் ஒன்றுதான். தமிழில் கேட்கும் நம் காதில் அது நானா, நாங்களா, நாமா என்று உடனே பிரிந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டு பேசுவதால் அது நாம். ஸ்டீவையும், நட்டாஷாவையும், இரட்டைச் சகோதரனைச் சொகோவியாவிலேயே இழந்த வாண்டாவையும் சேர்த்த நாம். அல்ட்ரானை எழுப்பிய இரவில் அவர்களில் எவரையும் அவர் சேர்த்துக்கொள்ளவில்லை. முடிவில் நான் என்றும் பழியில் நாம் என்றும் ஒருவர் பேசும்போது என் மனம் ஒப்புவதில்லை. பாண்டியன் ‘யானே’ என்றான். அடுத்த வரியில், மக்களைக் காக்கும் தென்புலத்துக் காவல் ‘என்முதற் பிழைத்தது’ என்றும் சொன்னான். தனக்கு முன்னிருந்த எந்த அரசனையும் துணைக்கு அழைக்கவில்லை.

117 நாடுகள் ஏற்ற அந்த ஒப்பந்தத்தை நான் குறை சொல்லவில்லை. தம்மீது ஒரு மேற்பார்வை வேண்டும் என்று டோனி உணர்ந்தது மிகச் சரி. ஆனால் அந்தக் கட்டுப்பாட்டை அவர் முதலில் பிறர்மேல் செலுத்தினார். ஒப்பந்தத்தைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில், ஸ்பைடர்மேனாக வலம்வரும் ஒரு பள்ளிச் சிறுவனைத் தேடிப்போய், அவன் அத்தையிடம் பொய் சொல்லி, ஜெர்மனியில் நடக்கும் சண்டைக்கு அழைத்துவருகிறார். தோழர்கள் கடல் நடுவே உள்ள சிறையில் அடைபட்டதைப் பார்க்கிறார். கடைசியில் ஒப்பந்தத்தை மீறி, யாருக்கும் சொல்லாமல் சைபீரியாவுக்குப் போகிறவரும் அவரே.

அந்தச் சைபீரியக் காட்சியில்தான் எனக்குப் பெரும் வருத்தம். 1991ஆம் ஆண்டு தம் பெற்றோரைக் கொன்றவர் ஸ்டீவின் பழைய நண்பரான பக்கி என்று டோனி அறிகிறார். ஹைட்ரா பக்கியின் மனத்தை முழுதாகப் பறித்து ஒரு கருவியாக மாற்றியிருந்தது. அவருக்குத் தேர்வு என்று ஒன்று இருக்கவேயில்லை. வாண்டா காட்டிய ஒரு காட்சியால் தடுமாறிய டோனிக்கு இரக்கம் காட்ட வேண்டும் என்று கேட்கும் வாசகர்கள், அதைவிட நூறு மடங்கு பறிகொடுத்த பக்கியின் மீது டோனி காட்டிய சினத்தையும் ஒரு முறை எண்ணிப் பார்க்கட்டும்.

இவர்களை ஒருவரோடொருவர் மோதவிட்ட ஸீமோவும் சொகோவியாக்காரர்தான். நகரத்துக்கு வெளியே இருந்த தந்தையின் வீடு பாதுகாப்பானது என்று நம்பி மனைவியையும் மகனையும் அங்கே விட்டிருந்தார். அவர்களுடைய உடல்களைக் கண்டெடுக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று என்கிறார். வாண்டா குண்டைப் பார்த்தபடி கிடந்ததும் இரண்டு நாள். எழுதியவர்கள் எண்ணித்தான் வைத்தார்களா என்று நான் அறியேன். அந்த எண்ணிக்கையைக் கேட்டபோது திடுக்கிட்டேன். பழியை ஏற்க வேண்டியவர் முழுமையாக ஏற்காதபோது, பாதிக்கப்பட்டவர் அதைத் தம் கையில் எடுத்துக்கொள்கிறார். வியன்னாவில் அவர் வைத்த குண்டில் இறந்த வகாண்டா மன்னருக்குச் சொகோவியாவின் அழிவோடு எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி: ‘எண்ட்கேம்’ படத்தில் தம் உயிரைக் கொடுத்து அனைவரையும் மீட்கிறார். அதற்குப் பிறகும் பழி பேசுவது நன்றிகெட்ட செயல் ஆகாதா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: 2019ஆம் ஆண்டு திரையரங்கில் அந்தக் காட்சியைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருவன். மகளும் மனைவியும் அமைதியான வீடும் அமைந்த பிறகு, எல்லாவற்றையும் இழக்கத் துணிந்து அவர் கைவிரலைச் சொடுக்குகிறார். அந்தச் செயலுக்கு எந்தக் குறையும் சொல்ல எனக்கு மனமில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் ஒரு நன்மை வேறொரு தீமையை அழித்துவிடும் என்று நான் நம்பவில்லை. பிழைத்தவர்கள் பிழைத்தார்கள், சொகோவியாவில் இறந்தவர்கள் திரும்பவில்லை. அதோடு, தாம் செய்த பிழையின் தன்மையை அவர் கடைசிவரை உணர்ந்தார் என்று சொல்லவும் என்னால் முடியவில்லை. ‘எண்ட்கேம்’ தொடக்கத்தில் விண்வெளியிலிருந்து நலிந்து திரும்பும் டோனி, உலகைச் சுற்றிக் கவசம் போடுவோம் என்று நான் சொன்னேனே, நம் சுதந்திரம் பாதிக்கப்பட்டாலும் அதுதானே தேவையாக இருந்தது என்று ஸ்டீவிடம் சினந்து பேசுகிறார். அதே ஆண்டு வந்த ‘ஸ்பைடர்மேன்: ஃபார் ஃப்ரம் ஹோம்’ படத்தில், இறந்த பிறகு அவர் அந்தப் பள்ளிச் சிறுவனுக்கு விட்டுச்சென்ற மூக்குக்கண்ணாடியைப் பார்க்கிறோம். விண்ணில் சுற்றும் ஆயுதங்களை ஏவும் அதிகாரம் அதற்குள் இருக்கிறது. பேருந்தில் அதை அணிந்த சிறுவன், தன்னையறியாமல் சக மாணவன்மேல் ஒரு தாக்குதலை ஏவிவிட்டுப் பதறுகிறான். பிறகு அது ஒரு வஞ்சகன் கைக்குப் போய், லண்டன் மாநகரம் தாக்கப்படுகிறது. இம்முறையும் யாரையும் கேட்காமல் எடுத்த முடிவுதான்.

நன்றியும் பழியும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருக்கலாம். ஏரிக்கரையில் நடக்கும் அவருடைய இறுதிச் சடங்கில் அந்தக் குழுவினர் பலரும் வரிசையாக நிற்கிறார்கள். கேமரா ஒவ்வொரு முகமாக மெதுவாகக் கடந்து செல்கிறது. அந்த வரிசையில் வாண்டாவும் கறுப்பு உடையில் நிற்கிறார். அங்கே நின்றவர்களில் சொகோவியாவிலிருந்து வந்தவர் அவர் ஒருவர்தான்.